துக்கடாவுக்கு மேலே தமிழ் ஏறுமா? கர்நாடக இசையில் மரபு, மொழி, புதுமை

2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாதமி பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. எதிர்ப்புத் தெரிவித்துச் சில முன்னணிக் கலைஞர்கள் அந்த டிசம்பர் விழாவில் பாடப்போவதில்லை என்றார்கள். பிறகு பல மாதங்கள் நடந்த வாக்குவாதத்தில் அதிகம் அடிபட்ட சொல் ‘மரபு’. மரபை உடைக்கிறார் என்றது ஒரு தரப்பு. எந்த மரபு, யாருடைய மரபு என்றது இன்னொரு தரப்பு. நடுவில் வழக்கம்போலப் பழைய கேள்வியும் தலைகாட்டியது: தமிழ்நாட்டில், தமிழ் ரசிகர்கள் முன்னால், தமிழ் பேசும் வித்வான்கள் ஏன் தெலுங்கிலேயே பாடுகிறார்கள்?

இந்த விவாதங்களில் வெவ்வேறு விஷயங்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன. பாட்டின் மொழி ஒன்று. ராகம், தாளம், வாத்தியம் இவற்றில் வரும் மாற்றம் இன்னொன்று. யார் பாடலாம், எதைப் பற்றிப் பாடலாம் என்பது மூன்றாவது. பிரித்துப் பார்த்தால்தான் எங்கே இசை இலக்கணம் பேசுகிறது, எங்கே வெறும் பழக்கம் பேசுகிறது என்பது தெரியும்.

முதலில் சில சொற்கள்

1. உருப்படி: கச்சேரியில் பாடப்படும் ஒரு முழுப் பாட்டு. கிருதி அல்லது கீர்த்தனை என்றால் பெரும்பாலும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மூன்று பகுதிகள் இருக்கும்.

2. சங்கதி: ஒரே வரியை அதே தாள இடத்தில் வெவ்வேறு விதமாக, படிப்படியாக விரித்துப் பாடுவது. எளிமையான முதல் சங்கதியிலிருந்து கடைசிச் சங்கதிக்குப் போகும்போது ராகத்தின் பல முகங்கள் தெரிந்துவிடும்.

3. மனோதர்மம்: பாடகர் மேடையிலேயே கற்பனையாகப் பாடுவது. சொல்லில்லாமல் ராகத்தை விரிக்கும் ராக ஆலாபனை, ஒரு வரியை எடுத்துக்கொண்டு விதவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களையே கற்பனையாகக் கோக்கும் கல்பனாஸ்வரம், தாளமில்லாமல் லயத்தோடு பாடும் தானம் எல்லாம் இதில் அடக்கம்.

4. பாடாந்தரம்: குரு சொல்லிக்கொடுத்து, சீடர் அப்படியே வாங்கிக்கொண்ட பாட்டு வடிவம். ஒரே கிருதி இரண்டு குருகுலங்களில் இரண்டு விதமாக இருக்கலாம், இரண்டும் செல்லும்.

5. மெயின், துக்கடா: ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்களின் தனி வாசிப்பு, சுருக்கமாகத் ‘தனி’) என்று எல்லாம் சேர்ந்து வரும் பெரிய உருப்படி மெயின். தனி முடிந்த பிறகு வரும் சின்னச் சின்ன, கேட்க இதமான பாட்டுகள் துக்கடா.

இந்த ஐந்தில் பாடாந்தரத்தைத்தான் விவாதங்களில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் மொழிச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கச்சேரி என்ற வடிவத்துக்கு நூறு வயதுதான்

ஒரு வர்ணத்தில் (ராகத்தின் சாயலைக் காட்டும், பயிற்சிக்கும் உதவும் உருப்படி) ஆரம்பிப்பது, விறுவிறுப்பாகச் சில கிருதிகள், நடுவில் மெதுவான ஒரு விளம்பகாலக் கிருதி, மெயின், ராகம் தானம் பல்லவி (ஆலாபனை, தானம் முடித்து ஒரே ஒரு வரியைத் தாளக் கணக்கோடு விரிப்பது; கிருதியின் பல்லவி வேறு), துக்கடாக்கள், மங்களம் என்று இன்று நாம் ‘கச்சேரி சம்பிரதாயம்’ என்று நினைப்பதை ஒழுங்குபடுத்தியவர் என்று எல்லோரும் சொல்வது அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை (1890–1967). அவருக்கு முந்தைய தலைமுறையின் மேடையில் நீண்ட ஆலாபனையும் பல்லவியுமே ஆதிக்கம் செலுத்தின, கீர்த்தனைகள் குறைவு. டிக்கெட் வாங்கி வரும் நகரத்து ரசிகருக்கு, குறிப்பிட்ட மணி நேரத்துக்குள், சலிப்புத் தட்டாமல் கொடுக்க வேண்டிய தேவையிலிருந்து இந்த வரிசை பிறந்தது. அது பிறந்தபோது புதுமை. இன்று அதைக் கலைத்தால் மரபை மீறியதாகிவிடும். மெயினுக்கு முன்னாலேயே தனியை விடுவது, வர்ணத்தை நடுவில் பாடுவது என்று கிருஷ்ணா செய்தவற்றுக்கு வந்த எதிர்ப்பை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அவர் செய்தது எடுபட்டதா என்பது வேறு விஷயம். எனக்கு எல்லாம் எடுபட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் கலைத்தது பல நூற்றாண்டு வரிசையை அல்ல.

மொழிக்கும் இந்த வரிசைக்கும் என்ன சம்பந்தம்? வரிசையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஒரு சராசரி சபா கச்சேரியைக் கவனியுங்கள். வர்ணம் தெலுங்கு. முதல் பிள்ளையார் பாட்டு சமஸ்கிருதமாக இருக்க நல்ல வாய்ப்பு. நடுக் கிருதிகளில் தியாகராஜர் தெலுங்கு, தீட்சிதர் சமஸ்கிருதம். மெயின் பெரும்பாலும் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளில் ஒருவருடையது. தனி முடிந்து பாதிப் பேர் கேன்டீன் பக்கம் போகும் நேரத்தில் தமிழ் வரும். அப்படியானால் “கச்சேரியில் தமிழ் இல்லை” என்ற புகார் துல்லியமானதல்ல. தமிழ் இருக்கிறது, கீழ்வரிசையில் இருக்கிறது. சண்டை எண்ணிக்கையைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உண்மையில் இடத்தைப் பற்றியது.

தஞ்சாவூரில் தெலுங்கு

தஞ்சையை நாயக்கர்கள் 1532 முதல் 1673 வரை ஆண்டார்கள். அரசவை மொழி தெலுங்கு. பதம், யட்சகானம் எல்லாம் தெலுங்கில் செழித்தன. 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்களின் திட்டத்தை வகுத்த வேங்கடமகியும் அந்த அவையைச் சேர்ந்தவர்தான். அடுத்து வந்த மராட்டிய மன்னர்கள் இசையில் தெலுங்கின் இடத்தை அசைக்கவில்லை. மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது திருவாரூரில்: சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1770களின் நடுவில். தியாகராஜரின் வீட்டு மொழி தெலுங்கு. தீட்சிதர் தமிழ்க் குடும்பம், ஆனால் பெரும்பாலும் எழுதியது சமஸ்கிருதத்தில்.

பிந்தைய தலைமுறையில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவருடைய சீடர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் போன்ற தமிழ் நாட்டு வித்வான்கள் தெலுங்கிலேயே இயற்றினார்கள். அப்போது அது தொழில் மொழி. வர்ணம் போடுவதென்றால் தெலுங்கில் போடுவது என்பது எழுதாத விதி. பாடம் ஆரம்பிப்பதும் அப்படித்தான்: சரளி வரிசை முடித்த குழந்தை முதலில் பாடும் மலஹரி கீதத்தில் வரும் ‘லகுமிகர’ என்பது கன்னடத்துப் புரந்தரதாசரின் சொல். ஆக, ஒரு தமிழ்க் குழந்தை வர்ணம் வரைக்கும் வந்தாலும் தன் மொழியில் ஒரு பாட்டும் பாடாமலேயே வந்திருக்கலாம்.

ஒரு பாட்டு எப்படிக் கனக்கிறது

‘வாதாபி கணபதிம்’ கிருதியை எடுத்துக்கொள்வோம். கச்சேரி ஆரம்பத்துக்கு இதைவிடப் பழக்கமான பாட்டு கிடையாது. அலுத்துப்போகும் அளவுக்குப் பழக்கம். எங்கே போனாலும் இதே பாட்டுதானா என்று பாரதியாரே தம் சங்கீதக் கட்டுரையில் சலித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பாட்டின் ராகம் ஹம்சத்வனி. அதை உருவாக்கியவர் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் என்பது சம்பிரதாயம். அதாவது இந்தக் கிருதி பிறந்தபோது ராகமே ஒரு தலைமுறை வயதுள்ள புதுச்சரக்கு. சாகித்யமும் (பாட்டின் சொல்லும்) மெட்டும் மகனுடையவை. ஆனால் இன்று மேடையில் கேட்கிற பல்லவி, ஒவ்வொரு சங்கதியாக ஏறி, ‘கணபதிம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மேல் ஸ்தாயியான தார ஸ்தாயிவரை போய்த் திரும்பும் அந்தப் பல்லவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகா வைத்தியநாதையர் (1844–1893) மெருகேற்றியது என்றுதான் வித்வான்கள் சொல்வார்கள். சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் திறந்து, அதிலுள்ள தீட்சிதர் கிருதிகளின் ஸ்வரக் குறிப்புகளை இன்றைய பாடல் வடிவங்களோடு ஒப்பிட்டால், பல கிருதிகளில் கணிசமான வேறுபாடு இருப்பது தெரியும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புலப்படும்.

1. கிருதி எழுதி முடித்த அன்றே முடிந்துவிடுவதில்லை. நல்ல கைகள் வழியாகப் போகப்போக அது கனம் ஏறுகிறது. மெயினாக எடுத்து ஒரு மணி நேரம் விரிக்கத் தாங்கும் பாட்டு என்பது பெரும்பாலும் அப்படிப் பல கைகள் பட்டு வந்தது.

2. அந்தக் கைகளுக்குப் பாட்டு வாய்மொழியாகப் போய்ச்சேர வேண்டும். தியாகராஜருக்கு உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் பரம்பரைகள் அமைந்தன. சுமார் 700 பாடல்கள் மெட்டோடு நமக்குக் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

தமிழ்ப் பாடல்களின் மெட்டு எங்கே போயிற்று

தமிழில் கீர்த்தனை வடிவம் பிந்தி வந்ததல்ல. சீர்காழி முத்துத்தாண்டவர் மும்மூர்த்திகளுக்கு வெகு முந்தியவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு அவர் பாடல்களிலேயே இருக்கிறது. அருணாசலக் கவிராயர் (1711–1779), மாரிமுத்தாப் பிள்ளை இருவரும் மும்மூர்த்திகளுக்கு மூத்தவர்கள்தான். இந்த மூவரைத் தமிழிசை மூவர் என்கிறோம்.

ஆனால் இவர்களுடைய பாடல்களுக்குக் கச்சேரி வித்வான்களின் குருகுலம் அமையவில்லை. அருணாசலக் கவிராயரின் ராம நாடகம் நாடகத்திலும் கதை சொல்பவர்களிடமும் வாழ்ந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம், கதையும் பாட்டும் கலந்த காலட்சேபத்தில் ஓடியது. தேவாரம் ஓதுவார்களிடம் கோயிலில் இருந்தது. அங்கே பண், அதாவது பழந்தமிழ் ராக முறை காப்பாற்றப்பட்டது, ஆனால் அது கச்சேரிப் பாணி அல்ல. ஓதுவார் மரபில் தக்கேசி என்றால் காம்போதி, கௌசிகம் என்றால் பைரவி, பழம்பஞ்சுரம் என்றால் சங்கராபரணம் என்று இன்று பாடுகிறார்கள். ராகம் பொதுவாகிவிட்டது, பாடும் முறை பொதுவாகவில்லை.

விளைவு: ஏட்டில் சாகித்யம் நின்றது, மெட்டு பெருமளவு நழுவியது. தலைப்பில் ராகம், தாளம் பெயர் மட்டும் மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டில் வித்வான்கள் அவற்றுக்குப் புது மெட்டுப் போட்டார்கள். ராம நாடகப் பாடல்கள் சிலவற்றுக்கு அரியக்குடி மெட்டமைத்தார். திருப்பாவை முப்பதுக்கும் அவர் போட்ட மெட்டு மார்கழி மாதத்துத் தமிழ்நாட்டின் காதில் இன்று பழங்காலத்துச் சொத்துபோலவே ஒலிக்கிறது. பாசுரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வயது, மெட்டுக்கு நூறுகூட ஆகவில்லை.

இதற்கு மேல் ஒரு கௌரவச் சிக்கலும் உண்டு. கர்நாடக இசை உயர்வாக மதிப்பது வாக்கேயக்காரரை, அதாவது சொல்லையும் மெட்டையும் ஒருவரே ஒருசேரப் படைப்பவரை. “பாட்டு பாரதிதாசன், மெட்டு தண்டபாணி தேசிகர்” என்று இரண்டு பேர் சேர்ந்த பாட்டு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அந்தத் தராசில் ஒரு படி கீழேதான் நிற்கும். அந்த இருவர் கூட்டில் வந்த தேஷ் ராகத்துத் ‘துன்பம் நேர்கையில்’ துக்கடாவாக எத்தனை முறை வந்தாலும், வேறெங்கும் வராததற்கு இது ஒரு காரணம். பாபநாசம் சிவன் (1890–1973) மேலே ஏறியதற்கு எதிர்க் காரணமும் இதுவே. அவர் வாக்கேயக்காரர். ‘கா வா வா’ என்ற வராளி, ‘காபாலி’ என்ற மோகனம், ‘தத்வமறிய தரமா’ என்ற ரீதிகௌளை எல்லாம் விரிவான ஆலாபனையோடு, மெயினாகவும் பாடப்படுகின்றன. யாரும் “தமிழ் பாட்டு, கனம் போதாது” என்று சொல்வதில்லை. 72 மேளகர்த்தாக்களிலும் தமிழில் கிருதி செய்த கோடீஸ்வர ஐயரும் வாக்கேயக்காரர்தான். ஆனால் அவர் பாடல்களை அந்த அளவுக்குத் தூக்கிச் சென்ற சீடர் கூட்டம் அமையவில்லை. ஒரு சில பாடல்களே புழங்குகின்றன. இரண்டு பேருக்கும் மொழி ஒன்றுதான், பாடாந்தரத்தின் வீச்சுதான் வேறு.

1940களில் என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது

1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாடு, கச்சேரியிலும் வானொலியிலும் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை வேண்டும் என்றது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார், ரசிகமணி டி.கே.சி., ராஜாஜி, கல்கி ஆதரித்தார்கள். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. எதிர்த்தரப்பின் பதில் மொழியை நேரடியாகத் தாக்கவில்லை. மொழியைக் காரணம் காட்டி இசையின் தரத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதுதான் மியூசிக் அகாதமி வட்டாரத்தின் வாதம். அந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு: அன்றைக்குக் கனமான தமிழ் உருப்படிகள் மேடைக்குப் போதுமான அளவு தயாராக இல்லை. மீதிப் பாதியை அது சொல்லவில்லை: தயாராக இல்லாததற்குக் காரணம், வித்வான்கள் அவற்றை எடுத்துப் பாடாததுதான்.

கிடைத்தவை என்ன? பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. சங்கம் பண் ஆராய்ச்சி நடத்தியது. ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. டிசம்பரில் அங்கே தமிழ் மட்டுமே. என் பார்வையில் அந்த ‘மட்டுமே’ இரண்டு பக்கமும் கூரான கத்தி. தமிழுக்கு ஓர் அரங்கம் உறுதியானது. கூடவே மற்ற சபாக்களுக்கு ஒரு சௌகரியமும் கிடைத்தது: தமிழ் கேட்க வேண்டுமா, அதற்கென்று ஒரு சபா இருக்கிறதே. ஒரே வித்வான் அங்கே முழுக்கத் தமிழும், அடுத்த வாரம் மயிலாப்பூரில் வழக்கமான பட்டியலும் பாடிவிட்டுப் போகலாம். இரண்டு பட்டியலும் கலக்கவே வேண்டியதில்லை.

“தமிழ் பாட்டுக்கு ஒத்துவராது” என்ற வாதம்

இது இன்னும் காதில் விழுகிற வாதம்தான். இசைத் தொழில்நுட்பமாகவே எடுத்துச் சோதிப்போம்.

1. உயிரீறு. தெலுங்குச் சொற்கள் உயிரெழுத்தில் முடிவதால் கார்வைக்கு, அதாவது நீட்டி நிறுத்துவதற்கு, வசதி என்பார்கள். உண்மைதான். ஆனால் கார்வை சொல்லின் கடைசியில்தான் விழ வேண்டும் என்று விதி இல்லை. தமிழில் சொல்லுக்குள்ளேயே நெடில் நிறைய. ம், ன், ல் போன்ற ஈறுகளை மூடிய வாயோடு நீட்டவும் முடியும். ‘க்’, ‘ட்’ என்று தடாலென்று முட்டும் வல்லின ஈறு தமிழ்ச் சொல்லுக்குக் கிடையவே கிடையாது. ஒற்று மிகும் இடங்கள் சிக்கல் தரலாம். அவற்றைத் தவிர்த்து எழுதுவது சாகித்யகர்த்தாவின் சாமர்த்தியம்.

2. எதுகை, மோனை. கிருதியின் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும் என்று லட்சண நூல்கள் சொல்கிற பிராசம் தமிழனுக்குப் பால்குடி காலத்து எதுகை. ஊத்துக்காடு வேங்கட கவியின் பாட்டில் பல்லவி ‘அலைபாயுதே’ என்று எடுக்கிறது. அனுபல்லவி ‘நிலை பெயராது சிலை போலவே நின்று’ என்கிறது. அலை, நிலை, சிலை என்று எதுகை. நிலை, நின்று, அடுத்த அடியில் நேரம் என்று மோனை. கானடா ராகத்தில் பாடும்போது இந்த ஒலிகள் தாளத்தில் விழும் இடமே ஒரு அழகு. இதற்குத் தமிழ் தனியாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

3. பதம் பிரித்தல். அதே பாட்டில் ‘நேரமாவதறியாமலே’ என்று வருகிறது. மூச்சு போதாமல் ‘நேரமாவத’ என்று நிறுத்தி ‘றியாமலே’ என்று எடுத்தால் அரங்கில் கடைசி வரிசைவரை நெளிவார்கள். தெலுங்கில் இதே தப்பு நடந்தால் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. நிரவலில் ஒரே வரி பத்து, இருபது தடவை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் சொல் சிதையாமல் எடுப்புக்கு, அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர வேண்டும். தமிழில் நிரவல் செய்வது கடினம் என்று சில பாடகர்கள் சொல்வதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: மொழி கடினமில்லை, கேட்பவருக்குப் புரிவதால் பரீட்சை கடினம்.

4. விருத்தம். தாளமில்லாமல் ஒரு செய்யுளை ராகமாலிகையாக விரிப்பது. கம்பனோ தேவாரமோ திருவருட்பாவோ, கல்யாணியில் ஆரம்பித்து சிந்துபைரவியில் முடிக்கலாம். இதில் முழுக்க முழுக்க மனோதர்மம், முழுக்க முழுக்கச் சொல். தமிழ் ராக விரிவைத் தாங்காது என்கிறவர்களே கச்சேரி கடைசியில் விருத்தம் கேட்டுச் சீட்டு அனுப்புவார்கள்.

புதுமை நுழையும் வாசல், அடைபடும் வாசல்

மொழியை விட்டுவிட்டு இசைக்கருவிகளைப் பார்த்தால், மரபு எதை விட்டுக்கொடுக்கும், எதை விட்டுக்கொடுக்காது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

வயலின் ஐரோப்பியக் கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் அதை எடுத்துக்கொண்டார்கள். சில தலைமுறைகளில் வயலின் பக்கவாத்தியம் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியே அபூர்வம் என்றாகிவிட்டது. ஹார்மோனியமும் ஐரோப்பியத் தயாரிப்பு. அதற்கோ 1940-ல் அகில இந்திய வானொலி தடை போட்டது. 1970களின் தொடக்கத்தில்தான் தடை தளர்ந்தது. ஏன் இந்தப் பாரபட்சம்? காரணம் கமகம். காந்தாரத்தையோ நிஷாதத்தையோ அசைத்து, இழுத்து, இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் வழுக்கிப் போவதில்தான் தோடியும் பைரவியும் வாழ்கின்றன. வயலின் தந்தியில் விரல் வழுக்கும். ஹார்மோனியக் கட்டையில் வழுக்காது.

யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) சிறுவனாக எலெக்ட்ரிக் மாண்டலினோடு மேடை ஏறியபோதும் இதே கேள்விதான். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, இழுத்து வாசிக்கத் தோதாக்கி, கமகம் பேசவைத்தார். பிறகு எதிர்ப்பு அடங்கிவிட்டது. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும் அப்படியே. ஆக, வாத்தியத்தின் ஊரை மரபு கேட்பதில்லை. கமகம் வருமா என்றுதான் கேட்கிறது.

ராக இலக்கணத்தில் கைவைத்தால் நிலைமை வேறு. ஆரோகணத்தில் ஐந்து ஸ்வரமாவது வேண்டும் என்று பொதுவாக ஏற்ற வழக்கத்தை மீறி, எம். பாலமுரளிகிருஷ்ணா நாலே ஸ்வரத்தில் மஹதி, லவங்கி என்று ராகங்கள் அமைத்தார். மஹதியில் ஸ, க, ப, நி; அவ்வளவுதான். வீணை எஸ். பாலசந்தர் பாலமுரளிகிருஷ்ணாவின் ராகக் கண்டுபிடிப்பு உரிமைகோரல்களைப் பகிரங்கமாக எதிர்த்தார். பல ஆண்டு நீண்ட கசப்பான சண்டை அது. கேட்பவருக்கு வறட்டுக் கணக்குப்போலத் தோன்றலாம். ஆனால் இசை உலகம் தன் உள்வீடு என்று கருதும் இடம் அதுதான்.

எதைப் பற்றிப் பாடலாம்

2018-ல் கர்நாடக மெட்டுகளில் கிறிஸ்தவப் பாடல்கள் பாடப்படுவதை எதிர்த்து எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். இதில் இரண்டு வேறு செயல்கள் குழம்பின. ஒரு ராகத்தில் புதிதாக ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனை இயற்றுவது ஒன்று. ஏற்கெனவே உள்ள கிருதியின் சொல்லை மாற்றிவிட்டு அதே மெட்டில் வேறு சொல்லைப் போடுவது, அதாவது வர்ணமெட்டு, இன்னொன்று.

முதலாவதற்குத் தஞ்சையிலேயே இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. தியாகராஜரின் சமகாலத்தவரான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), இரண்டாம் சரபோஜியோடு சேர்ந்து படித்தவர், தமிழில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிக் குவித்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் எழுதினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவர்.

இரண்டாவதைப் பற்றி, ஒரு வாக்கேயக்காரரின் கிருதியில் சொல்லை மாற்றுவது அவருடைய படைப்பைச் சிதைப்பது என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைச் சொல்பவர்கள் தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றின் மேல் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளை உட்கார வைத்தார் அவர். ‘ஸந்ததம் பாஹிமாம்’ அப்படியே பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள், எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல்.

இனி

கச்சேரி நேரம் சுருங்கிவிட்டது. நாலு, ஐந்து மணி நேரம் பாடிய காலம் போய் பல சபாக்களில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். மெயின் ஒன்று, வாய்த்தால் ஒரு பல்லவி. இடம் குறைந்தால் போட்டி கூடும். பாதுகாப்பாகப் பாட நினைப்பவர் சோதித்துப் பார்த்த பழைய உருப்படிக்கே போவார். துக்கடாவும் வெட்டுப்படுவதால் தமிழ் இருந்த இடத்திலும் குறையலாம். இது ஒரு பக்கம்.

மறுபக்கம், கற்கிறவர்கள் மாறிவிட்டார்கள். 1978 முதல் கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனையில் பாடும் பிள்ளைகளில் பலருக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தயக்கம்தான். ரோமன் எழுத்தில் எழுதிய சாகித்யத் தாளில் ‘ழ’வும் ‘ள’வும், ‘ற’வும் ‘ர’வும் ஒன்றாகிவிடுகின்றன, ஆசிரியர் ஜூமில் திருத்தத் திருத்தத்தான் சரியாகும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இந்த மொழி மெயினுக்கு உரியது, அந்த மொழி துக்கடாவுக்கு உரியது என்ற முன்முடிவு இல்லை. சென்னையிலிருந்து பாடம் எடுக்கும் ஆசிரியர் அடுத்த வாரம் ஒரு தியாகராஜர் காம்போதிக்குப் பதிலாகக் கோடீஸ்வர ஐயரின் கிருதி ஒன்றை எல்லாச் சங்கதியோடும், நிரவல் இடத்தோடும் சொல்லிக்கொடுத்தால், அதுதான் அந்தப் பிள்ளைக்கு மெயின்.